மத்தியதரைக் கடலில் முதல் சொகுசுக் கப்பல் பயணம்: நாங்கள் திட்டமிட்ட விதம்

மத்தியதரைக் கடலில் ஒரு சொகுசுக் கப்பல் பயணம் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் கப்பல் நிறுவனங்களின் இணையதளங்களைப் பார்க்கத் தொடங்கினோம். முதலில் கண்ணில் பட்டவை நீச்சல்குளங்களும் உணவகங்களும் அரங்குகளும்தான். ஆனால் இந்தக் கடலில் ஓடும் வழித்தடங்களில் அநேகமாகத் தினம் ஒரு துறைமுகம் வருகிறது. காலையில் இறங்கி மாலையில் திரும்பும் பயணிக்குக் கப்பல் என்பது பெரும்பாலும் இரவுத் தங்கல்தான். மனைவி, எழுபதைக் கடந்த அம்மா, நான் என மூவர் போவதாக இருந்ததால், எந்தக் கப்பல் என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, எந்த ஊரில் கரையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும், அதில் அம்மா எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்பதிலிருந்தே திட்டத்தைத் தொடங்கினோம்.

பயண அட்டவணையில் 'ரோம்' என்று எழுதியிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 'ஃப்ளாரன்ஸ்' என்றால் லிவோர்னோ. அது இன்னும் சற்றுத் தூரம். வெனிஸ் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் புனித மாற்கு சதுக்கத்தை ஒட்டிய நீர்வழியில் நுழையத் தடை இருப்பதால், 'வெனிஸ்' என்று விற்கப்படும் சில பயணங்கள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ரவென்னாவிலிருந்தோ திரியெஸ்தேயிலிருந்தோ புறப்படுகின்றன. மாறாக, நேப்பிள்ஸ், மால்டாவின் வல்லெட்டா, துருக்கியின் குஷாதாசி போன்ற ஊர்களில் கப்பலிலிருந்து இறங்கினால் ஊருக்குள்ளேயே நிற்கலாம். ஆகவே அட்டவணையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் துறைமுகப் பெயரை மட்டும் எடுத்து வரைபடத்தில் தேடிப் பார்த்ததில், கவர்ச்சியாகத் தெரிந்த சில வழித்தடங்கள் அன்றைக்கே பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன.

கடைசியில் இரண்டு வகை மிஞ்சின. பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று மேற்குப் பகுதியிலேயே ஏழு இரவுகள் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது ஒன்று. பார்சிலோனாவில் ஏறி ஏதென்ஸில் இறங்குவது மற்றொன்று. முதல் வகையில் விமானச் சீட்டு எளிது, கட்டணமும் குறைவு. ஆனால் அவற்றில் பலவற்றில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கூட்டம் ஏறும், ஒரு கூட்டம் இறங்கும்; கப்பல் ஓய்வதே இல்லை. இரண்டாவதில் நேப்பிள்ஸுக்கும் கிரேக்கத் தீவான சாந்தோரினிக்கும் இடையே ஒரு முழுநாள் கடலிலேயே கழிகிறது. அம்மாவுக்கு அந்த ஒரு நாள் ஓய்வு கட்டாயம் வேண்டும் என்று தோன்றியதால் அதையே தேர்ந்தெடுத்தோம்.

மாதம் எது என்பதில் எங்களுக்குள் அதிக விவாதம் இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் ஒருபுறம் என்றால், கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடைப்பட்ட ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று மறுபுறம். காற்று வலுத்தால் சிறு படகில் கரை சேர வேண்டிய தீவுகளைக் கப்பல் தவிர்த்துவிட்டுப் போய்விடும். அண்மைக் கோடைகளில் வெப்ப அலையின்போது ஏதென்ஸில் குன்றின்மேல் உள்ள பழங்காலக் கோயில் வளாகமான அக்ரோபோலிஸை நண்பகலில் சில மணி நேரம் மூடியும் வைத்திருக்கிறார்கள். இவற்றோடு, 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கிரேக்க நாட்டின் கப்பல் பயணிகள் கட்டணம் சாந்தோரினியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தலைக்கு 20 யூரோ, ஏப்ரல், மே, அக்டோபரில் 12 யூரோ என்று இருந்தது. எல்லாம் சேர்ந்து மே மாதக் கடைசியைக் காட்டின.

அடுத்த வேலை ஒவ்வொரு நாளையும் மணிக்கணக்கில் பிரிப்பது. இதற்குத்தான் நிறைய மாலைகள் போயின. பயணத்தில் மிகவும் கைகொடுத்ததும் இதுதான். லிவோர்னோவையே எடுத்துக்கொள்கிறேன். அட்டவணையில் காலை 7 முதல் இரவு 7 வரை என்று பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. கப்பல் கட்டப்பட்டு, துறைமுக அனுமதி கிடைத்து, பயணிகள் இறங்கத் தொடங்க ஏழே முக்காலாவது ஆகும். அது சரக்குத் துறைமுகம் என்பதால் உள்ளே நடந்து போக விடமாட்டார்கள். ஊர் மையத்துக்கு ஷட்டில் பேருந்து, அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு இன்னொரு பேருந்து, பின் ஃப்ளாரன்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ரயில். பத்தேகால், பத்தரைக்கு முன் ஃப்ளாரன்ஸ் மண்ணில் கால் வைக்க முடியாது. மாலை ஆறரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்றால், ஒரு ரயில் தவறினாலும் அடுத்ததில் வந்து சேரும்படி மூன்றரைக்கே கிளம்பிவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் என்பது ஐந்தாகச் சுருங்கியது. அதோடு, கப்பல் அங்கு நிற்கும் நாள் திங்கட்கிழமை. ஃப்ளாரன்ஸின் உஃபிஸி, அக்காதெமியா ஆகிய இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் திங்கள் விடுமுறை. எனவே ஃப்ளாரன்ஸையே விட்டுவிட்டு, ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடும் பீசாவையும், அதற்கடுத்த அரை மணி நேரத்தில் இருக்கும் லூக்கா என்ற கோட்டை மதில் சூழ்ந்த சிற்றூரையும் எழுதிக்கொண்டோம். லூக்காவின் மதில்மேல் மரநிழலில் சமதளமாக நடைபாதை ஓடுகிறது. அம்மா அதிகம் நடந்த நாள் அதுவாகத்தான் இருக்கும்.

கிழமை பார்ப்பது மற்ற ஊர்களுக்கும் பொருந்தும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். பொம்பெய் இடிபாடுகளுக்கு 2024 நவம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பும், பெயர் பொறித்த சீட்டும் வந்துவிட்டன. அக்ரோபோலிஸுக்கும் கொலோசியத்துக்கும் நேரம் குறித்த சீட்டு. இவற்றை எல்லாம் கப்பல் முன்பதிவை உறுதிசெய்வதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது மலிவான ஜன்னலில்லா உள்ளறைதான் எனக்கு நியாயமாகப் பட்டது. பகலெல்லாம் வெளியே சுற்றுபவனுக்கு பால்கனி எதற்கு? ஆனால் அம்மா சில நாட்கள் கப்பலிலேயே இருந்துகொள்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், பால்கனி உள்ள அறை ஒன்றை எடுத்தோம். எந்த அறை வந்தாலும் சம்மதம் என்று நிறுவனத்திடமே விட்டுவிட்டால் கட்டணம் குறையும் என்றாலும், தளவரைபடத்தைப் பார்த்து எண்ணைக் குறிப்பிட்டே பதிவுசெய்தோம். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் ஆட்டம் குறைவு. மேல்தளம் நீச்சல்குளமாக இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழ்த்தளம் அரங்கமாக இருந்தால் நள்ளிரவு வரை இசை. மேலும் கீழும் அறைகளே இருக்கும் தளம்தான் உத்தமம். லிஃப்டுக்கு அருகில் இருந்தது அம்மாவுக்கு வசதி.

கட்டண விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் காணும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஒருவருக்குப் போட்ட விலை. துறைமுக வரி, நாள்தோறும் கணக்கில் ஏறும் பணியாளர் சேவைக் கட்டணம், பானங்கள், இணைய இணைப்பு, கரைச் சுற்றுலா என்று தனித்தனியே சேர்த்துப் பார்த்த பிறகுதான் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட முடிந்தது. அப்படிச் சேர்த்தபோது மலிவாகத் தெரிந்தது மலிவாக இல்லை. மூவருமே மது அருந்துவதில்லை என்பதால் பானத் தொகுப்பை வாங்கவில்லை.

எங்கள் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கப் போகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பல் பயணத்தில் இந்தக் கணக்கை உட்கார்ந்துதான் போட வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இத்தாலியில் மூன்று நாள், ஸ்பெயினில் இரண்டு, பிரான்ஸில் ஒன்று. பயண முடிவில் ஏதென்ஸில் இரண்டு இரவு தங்குவது என்று தீர்மானித்ததும் கிரேக்கம் நான்கு நாளாகி முந்திக்கொண்டது. ஆகவே விடுதிகளை எல்லாம் முடிவுசெய்த பிறகே விசாவுக்குப் போனோம். சாந்தோரினியை விட்டுக் குஷாதாசிக்குப் போகும்போது கப்பல் ஷெங்கன் எல்லையைத் தாண்டிவிடுகிறது; மறுநாள் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸுக்கு வருவது இரண்டாவது நுழைவு. எனவே ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாது என்பதை விண்ணப்பத்துடன் இணைத்த கடிதத்தில், துறைமுகங்களின் தேதிகளோடு தெளிவாக எழுதினோம். மூவரின் பெயரும் அட்டவணையும் ஒரே தாளில் இருக்கும்படி கப்பல் நிறுவனத்திடம் உறுதிச்சான்று கேட்டு வாங்கியதும் உதவியது. துருக்கியில் இறங்குவது பற்றி நிறுவனத்திடம் எழுத்துமூலம் பதில் பெற்றுக்கொண்டோம். விசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு ஷெங்கன் நாடுகளோடு நின்றுவிடக்கூடும் என்பதால், துருக்கியையும் கப்பலில் பெறும் சிகிச்சையையும் உள்ளடக்கிய காப்பீட்டைத் தேடி எடுத்தோம். கப்பல் மருத்துவரின் கட்டணம் நேரே அறைக்கணக்கில்தான் ஏறும்.

கரையில் எங்கே கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை வாங்குவது, எங்கே சொந்தமாகப் போவது என்பதற்கு ஊருக்கு ஊர் வேறு பதில். நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்காது. அந்த நிம்மதிக்குத்தான் அவர்கள் கூடுதல் விலை வாங்குகிறார்கள். சிவிடவெக்கியாவிலிருந்து ரோமுக்கு ரயில் அடிக்கடி இருப்பதால் அந்த நிம்மதியை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை என்று முடிவுசெய்தோம். வத்திக்கானுக்குப் பக்கத்தில் உள்ள சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கிக்கொண்டால் ரோமின் பெரிய நிலையம் வரை போய்த் திரும்பும் அலைச்சலும் மிச்சம். நேப்பிள்ஸில் பொம்பெய்க்குப் போகும் உள்ளூர் ரயிலில் நெரிசலும் படிகளும் அதிகம் என்பதால் வாடகைக் கார் பேசினோம். பொம்பெயின் ரோமானியச் சாலைக் கற்கள் தேய்ந்து மேடும் பள்ளமுமாக இருக்கும். ஆனால் நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்று சமன்படுத்திய பாதை ஒன்று ஆம்ஃபிதியேட்டர் பக்க வாயிலிலிருந்து தொடங்குகிறது. ஓட்டுநரிடம் அந்த வாயிலின் பெயரையே குறிப்பிட்டுச் சொன்னோம்.

சாந்தோரினிக்கு மட்டும் யோசிக்காமல் நிறுவனத்தின் சுற்றுலாவையே வாங்கினோம். அங்கே பெரிய கப்பல்கள் கரையணைய இடமில்லை. எரிமலை வாய்க்குள் நின்றபடி டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். தனியாகப் போகிறவர்கள் ஃபிரா ஊருக்குக் கீழே உள்ள பழைய துறைமுகத்தில் இறங்கி, ரோப் கார் வரிசையில் நிற்க வேண்டும், அல்லது ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏற வேண்டும். நிறுவனத்தின் குழுக்களைப் படகில் ஆதினியோஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பேருந்தில் மேலே ஏற்றிவிடுகிறார்கள். கப்பலின் பக்கவாட்டில் கடல்மட்டத்தை ஒட்டித் திறக்கும் கதவருகே நின்றபோது, படகு ஒரு சாண் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பணியாளர் இருவர் அம்மாவின் முழங்கைகளுக்குக் கீழே பிடித்துக்கொண்டு, "இப்போது வேண்டாம், அடுத்த அலைக்கு" என்று சைகையில் சொல்லி, படகு மேலெழுந்த கணத்தில் ஓரடி எடுத்துவைக்கச் செய்தார்கள். அம்மா உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்து, "இதற்கா இவ்வளவு பயம் காட்டினாய்?" என்று கேட்டார். திரும்பும்போது ரோப் காரில்தான் இறங்க வேண்டும். மாலையில் வரிசை நீளும் என்பதால் இரண்டு மணிக்கே கீழே வந்துவிட்டோம்.

குஷாதாசியிலிருந்து எஃபேசஸ் என்ற பழங்கால நகரின் இடிபாடுகள் சுமார் 20 கிலோமீட்டர். இங்கே ஒரே ஒரு தந்திரம்தான்: மேல்வாயிலில் நுழைந்து கீழ்வாயிலில் வெளியேறினால் பாதை முழுவதும் இறக்கமாகவே அமையும், செல்சஸ் நூலகமும் வழியிலேயே வந்துவிடும். டாக்சியைக் கீழ்வாயிலில் வந்து நிற்கச் சொல்லிவிட வேண்டும்.

கப்பல் புறப்படும் நாளன்றே பார்சிலோனாவில் போய் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விமானம் தாமதமானால் கப்பலை அடுத்த துறைமுகத்தில் நம் செலவில் துரத்த வேண்டியதாகிவிடும். நாங்கள் முந்தைய நாளே போய்விட்டோம். பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்தால் அவை அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும் என்பதால், அம்மாவின் மாத்திரைகள், கடவுச்சீட்டுகள், ஒரு மாற்றுடை ஆகியவை தோள்பையில் இருந்தன. கடலில் இருக்கும்போது கைப்பேசியை விமானப் பயன்முறையில் வைத்திருந்தோம். கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் அது தானாக இணைந்துகொண்டால் கட்டணம் கடுமையாக இருக்கும். இத்தாலியிலிருந்து கிரேக்கத்துக்குப் போகையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகிறது. கைப்பேசி காட்டும் நேரமும் கப்பல் நேரமும் வேறுபடக்கூடும் என்பதால், கப்பல் நேரத்துக்கு வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை மனைவி கட்டிக்கொண்டார். திரும்ப வேண்டிய நேரத்தை அதில் மட்டுமே பார்ப்பது என்று பேசிவைத்திருந்தோம்.

கடைசி இரவு பெட்டிகளை அடையாளச் சீட்டோடு அறை வாசலில் வைத்துவிட்டால் அவை பிரேயஸின் முனையத்தில் காத்திருக்கும். மறுநாள் உடுத்த வேண்டியதை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அறைக்கணக்கை அன்றிரவே பார்த்துவிட்டோம், ஏனெனில் காலையில் வரவேற்பு மேசைமுன் நிற்கும் வரிசை பெரிது. 2022-லிருந்து மெட்ரோவின் 3-ஆம் பாதை பிரேயஸிலிருந்து நகர மையம் வழியாக விமான நிலையம் வரை போகிறது என்றாலும், பெட்டிகளோடு மூவராக இருந்ததால் விடுதிக்கு டாக்சியிலேயே போனோம். அக்ரோபோலிஸுக்கு மறுநாள் காலை முதல் நேரத்துக்கே சீட்டு எடுத்திருந்தோம். நடக்க இயலாதவர்களுக்காக 2020 முதல் இயங்கும் புதிய லிஃப்ட் அங்கே உண்டு என்பதால் அம்மாவும் எங்களோடு மேலே வந்தார்.