பித்தம் இல்லை, கீசர்

குன்னூருக்குக் குடிவந்த முதல் டிசம்பரில் நான் செய்த புத்திசாலித்தனம், குளியலறை வென்டிலேட்டரைத் தெர்மாகோல் வைத்து அடைத்தது. குளிர் அப்படி. கேஸ் கீசர் அந்தக் குளியலறைக்குள்ளேயே சுவரில் தொங்கியது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது.

ஜனவரியில் மதுரையிலிருந்து அத்தை வந்தார். தினமும் குளித்துவிட்டு வந்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "மலை ஒத்துக்கலம்மா, பித்தம் ஏறியிருக்கு" என்று அவரே முடிவு கட்டி எலுமிச்சைச் சாறு கேட்பார். எனக்கும் தலை கனத்தது; சளி என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் குளியலறைத் தாழ்ப்பாளைத் திறந்தவர் நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். குமட்டல், கால் நடுக்கம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல கேஸ் கீசரா? எங்க மாட்டியிருக்கு?"

கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சிலிண்டர் கசிந்தால் வரும் நாற்றமே நமக்குத் தெரியட்டும் என்று சேர்ப்பதுதானாம். சரியாக எரியாத கேஸிலிருந்து வரும் இந்த விஷத்தில் அது இருக்காது. நாற்றம் இல்லையே என்று நிம்மதியாக இருந்தேனே, அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நல்லவேளை, ஆக்சிஜன் வைத்து மாலையே அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்துதான் யோசித்தேன். அத்தை வருவதற்குப் பத்து நாள் முன்பு கீசர் பற்றவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. ஒரு மெக்கானிக் வந்து, இரண்டு பெரிய பேட்டரியை மாற்றினார். அதோடு விட்டிருக்கலாம். "ஜெட்டும் அடைச்சிருக்கு" என்று, கேஸ் பீய்ச்சி வரும் அந்தச் சின்னத் துளைகள் ஒவ்வொன்றையும் ஊக்கால் குத்தி விட்டு, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து தீ மஞ்சளாக எரிந்தது. முன்னைவிட நன்றாக எரிகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்! ஜெட் துளை ஒரு நூல் பெரிதானாலும் கேஸ் கூடும், காற்று போதாது, கரி பிடிக்கும். ஊக்கோடு ஒருவர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேஸ் ஏஜென்சிக்குப் போனேன். "அடுப்பு, டியூப், ரெகுலேட்டர் வரைக்கும்தான் எங்க வேலை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார் கவுன்டரில் இருந்தவர். கீசருக்குப் போகும் ஆரஞ்சு டியூபையாவது பாருங்கள் என்று விடாமல் நின்றதில் ஆள் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதாம். வருடம் டியூபிலேயே அச்சடித்திருக்கிறது, நான்தான் ஒருநாளும் படித்ததில்லை.

அடுத்து கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர். கீசரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மலையிறங்கிப் போனேன். மாடல் நம்பர் ஸ்டிக்கர் கருகியிருந்தது. வாரன்டி கார்டு இல்லை, பில் இல்லை. "நம்பர் இல்லாம உள்ள எடுக்க முடியாது மேடம்." திறந்துகூடப் பார்க்கவில்லை. அதே சாக்கு, அதே பஸ், கொண்டை ஊசி வளைவுகள், மடியில் கீசர். உங்கள் கீசர் ஸ்டிக்கரை இப்போதே போனில் படம் எடுத்து வையுங்கள்.

கடைசியில் பக்கத்துத் தெரு ஹோட்டலுக்கு கீசர் மாட்டிய பையன் கிடைத்தான். மூடியைக் கழற்றியதும், "அக்கா, இங்க வாங்க" என்றான். பர்னருக்கு மேலே இருந்த செம்புத் தகடுகளுக்கு நடுவே இம்மி இடைவெளி இல்லை. கண்மையைக் குழைத்து அப்பியது போல் கரி. புகை மேலே போக வழியே இல்லை. பர்னர் குழாய் ஒன்றின் வாயில், கட்டைவிரல் நுனியளவு மண் கட்டி. குளவிக் கூடு. ஜெட் அடைப்பு என்று முதல் ஆள் சொன்னதெல்லாம் அதுதான்!

தகடுகளைக் கம்பி பிரஷால் தேய்க்க அவன் விடவில்லை, வளைந்துவிடுமாம். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்தான். மூன்று பக்கெட் தண்ணீர் மை மாதிரி ஓடியது. நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டினான். ஜெட் புதுசு. தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் சல்லடையைக் கழுவும் வேலை மட்டும் இனி என்னுடையது: ரெகுலேட்டரை மூடி, பைப்பை மூடி, ஐந்து நிமிட வேலை. இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வரவில்லை என்று காட்டிவிட்டுத்தான் பற்றவைத்தான். நீலம். சுத்தமான நீலம்.

ஆனால், "குளியலறைக்குள்ள மாட்டித் தர மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டான். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுகிறேன் என்றேன். கதவைச் சாத்தினால் அது புகையை உள்ளேயே இழுத்துவிடலாம் என்றான். பின்பக்கத் தாழ்வாரத்தில், கூரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத சுவரில் மாட்டினோம். சுவரில் ஓட்டை போட ஹவுஸ் ஓனர் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியதும் சரி என்றார். தெர்மாகோலை அன்றே பிய்த்தாயிற்று.

போன வாரம் அத்தை மறுபடி வந்திருந்தார். தலை சுற்றல் இல்லை. "முதல் அரை வாளி பச்சைத் தண்ணியால்ல வருது" என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டார்.