ஒரே பெயரில் இரு பிள்ளைகள்

வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் அலுவலகத்துக்கு ஒரே வம்சத்தின் இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று ரொறன்ரோவில் இருப்பவர் பாட்டனாரின் கொப்பியைப் பார்த்துப் பதிந்தது. மற்றது லண்டனில் இருக்கும் உறவுக்காரப் பெண் தமக்குத் தெரிந்தவர்களை வைத்துத் தொகுத்தது. இணைத்துத் தரும்படி கேட்டிருந்தார்கள்.

இரண்டும் ஜெட்கொம் வடிவம். அமெரிக்காவின் மோர்மன் திருச்சபையினர் 1984-இல் வெளியிட்ட இந்த வடிவத்தை ஏறத்தாழ எல்லா வம்சாவளி மென்பொருள்களும் படிக்கும். அதில் குடும்பப் பெயரைச் சாய்கோடுகளுக்கு நடுவே எழுத வேண்டும். நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முருகேசுவின் மகன் கந்தையா. கந்தையாவின் மகன் பாட்டன் பெயரில் மறுபடியும் முருகேசு. குடும்பப் பெயருக்கான இடத்தில் ரொறன்ரோக்காரர் தகப்பன் பெயரைப் போட்டிருந்தார், லண்டன் பெண் கணவன் பெயரை. அதனால் பூட்டி ஒருவரே இரண்டு பேராக நின்றார். அது கண்ணில் பட்டுவிடும், சேர்த்துவிடலாம். அதைவிடப் பொல்லாதது, இருவர் ஒருவராகிவிடுவது.

மென்பொருள் ஒரு சோடியைக் காட்டியது. ஒரே பெயர், ஒரே பெற்றோர். பிறந்த ஆண்டு மட்டும் 1938, 1941. பள்ளியில் சேர்க்கும்போது வயதை மாற்றிச் சொல்வது அந்தக் காலத்தில் நடந்ததுதான் என்று நினைத்து இணைத்துவிட்டேன். கோப்பில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. இணைத்ததும் ஒருவரின் எண் அழியும். அதைச் சுட்டிய வரிகளெல்லாம் மற்றவரின் எண்ணுக்குப் போய்விடும்.

சரிபார்க்க அச்சுப் பிரதியைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவர்களுடைய உறவினரான முதிய அம்மாவிடம் கொண்டுபோனேன். பெயர்களின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தியவர், தன் பெயரில் நிறுத்தினார்.

“இது நான். அக்கா எங்கே, தம்பி? இரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள்.”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்திருந்ததால், முதலிலிருந்து மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி இணைத்தேன். இப்போதெல்லாம் பெயரும் பெற்றோரும் ஒத்திருந்தாலும் பிறப்புப் பத்திரமோ சீதன உறுதியோ கேட்கிறேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவற்றைத் தொலைத்த குடும்பங்களில் மூத்தவர்களின் வாய்ச்சொல்தான் பத்திரம், அதற்குக் காத்திருக்கிறேன்.

புதிய பிரதியில் அக்காவுக்குத் தனிக் கட்டம் இருந்தது. அந்த அம்மா என் பேனையை வாங்கி, கட்டத்தின் ஓரத்தில் “கிளி” என்று எழுதினார். வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். செல்லப் பெயருக்கென்று ஜெட்கொமில் ஒரு வரி உண்டு. அன்று பின்னேரமே அதில் ஏற்றினேன்.