கல் இல்லாத ஊரில் ஒரு பவளப்பாறைத் தொட்டி

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும் அந்தக் கடல்மீன் தொட்டி மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்த பிறகும் நாலு மாதம் காலியாகவே இருந்தது. உள்ளே பவளப்பாறை மாதிரி அடுக்கக் கல் வேண்டும், அதுதான் பிரச்சினை. நம்ம டெல்டாவில் எங்கே தோண்டினாலும் வண்டலும் மணலும்தான், தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது.

கடையில் கேட்டபோது வெளுத்துப்போன பவளத் துண்டுகளை எடுத்துக் காட்டினார்கள். பார்க்க அழகுதான், ஆனால் வாங்க மனசு வரவில்லை. கல்பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த பவளத்துக்கும் அது பொருந்தும். சட்டத்தை விடுங்கள், சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயிருக்கின்றன. அதில் எனக்கும் ஒரு பங்கு வேண்டாம். பவளமே வைக்கப்போவதில்லை என்றால் தொட்டியில் கண்ணுக்குத் தெரியப்போவது கல் மட்டும்தான், அதனால் அதை நாமே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வெள்ளை சிமெண்ட் ஒரு பங்கு, பொடித்த கிளிஞ்சல் இரண்டு பங்கு, வேதாரண்யத்துக் கல்லுப்பு இரண்டு பங்கு. உப்பு பிறகு தண்ணீரில் கரைந்து போகும், அது இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும், மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியிருக்க அந்தத் துளைகள்தான் வேண்டும். பக்கத்துத் தெருக் கொத்தனார் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி ரொம்ப விடாதீங்க, கையில புடிச்சா உருண்டையா நிக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்ன பதம்தான் சரியாக வந்தது. ஈர மணலில் பள்ளம் பறித்து, உள்ளே கையளவு மணல் உருண்டைகளைப் புதைத்து மேலே கலவையைப் போட்டேன். காய்ந்ததும் மணலைச் சுரண்டி எடுத்தால் குகை.

பொறுமையைச் சோதித்தது அடுத்த கட்டம். சிமெண்ட் தண்ணீரைக் காரமாக்கும். டிரம்மில் ஊறப்போட்ட முதல் நாள், காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 11-க்கு மேலே. மூன்றாவது வாரம் 10. தினமும் தண்ணீர் மாற்றி மாற்றி, ஒன்பதாவது வாரத்தில் ஒரு வாரம் மாற்றாமல் விட்டும் 8.3-ஐத் தாண்டாதபோதுதான் நம்பிக்கை வந்தது.

அதுவரை சும்மா இருக்கவில்லை. வாசல் சிமெண்ட் தரையில் அம்மாவின் கோலமாவால் தொட்டியின் அளவுக்கு ஒரு செவ்வகம் போட்டு, தெர்மாகோல் துண்டுகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் வந்தது பின்கண்ணாடியை ஒட்டி ஒரு மதில் சுவர். மதிலுக்குப் பின்னால் மீன் போக முடியாது, கழிவு போய் உட்காரும், அதை எடுக்கக் கையும் நுழையாது. அப்புறம்தான் கல்லை எங்கே வைப்பது என்பதை விட்டுவிட்டு, எங்கே காலியாக விடுவது என்று முதலில் குறித்தேன். முன்கண்ணாடியிலிருந்து நாலு அங்குலம், காந்தத் துடைப்பான் தாராளமாகப் போய்வர. பின்னால் மூன்று அங்குலம். நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஒரு மணல் வாய்க்கால். மிச்ச இடத்தில் இடப்பக்கம் பெரிய குன்று, வலப்பக்கம் சின்னது, எதுவும் தண்ணீர் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமல். நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூடத்தில் தொட்டி நிற்கப்போகும் உயரத்திலிருந்து பத்து நாள் பார்த்தேன், தினம் ஏதாவது ஒன்று மாறியது.

தொட்டியில் வைக்கும்போது கீழ்க் கற்களை வெறும் கண்ணாடியின் மேலேயே உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மணலைக் கொட்டினேன். மணலின் மேல் கல்லை வைத்தால் தோண்டுகிற மீன் ஒன்று போதும், சரிந்துவிடும். மேல்கற்களுக்குத் துளை போட்டு அக்ரிலிக் கம்பி செருகி எபாக்சி பசை வைத்தேன்.

கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு விலை அதிகம் என்பதால் முதலில் போர் தண்ணீரையே நிரப்பி, நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரை ஓடவிட்டு, மீன் தீனியைப் பொடித்துத் தூவிப் பார்த்தேன். பெரிய குன்றின் பின்மூலையில் ஒரு கைப்பிடி அளவு அப்படியே தங்கிவிட்டது. கம்பி போடாத ஒரு கல்லைத் திருப்பி, அதன் குகைவாய் மூலையைப் பார்க்கும்படி வைத்ததும் நீரோட்டம் உள்ளே புகுந்து தூளை வெளியே தள்ளியது. அந்த நிமிஷம் எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி மாளாது.

அப்புறம் ஆர்.ஓ. தண்ணீர், உப்பு, மீனுக்கு விஷமான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியத்துக்கு வர ஆறு வாரம். பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு க்ளவுன் மீன்களும் மணலைத் தோண்டுகிற ஒரு கோபி மீனும் வந்தன. கோபி முதல் ராத்திரியே பெரிய குன்றின் அடியில் தோண்ட ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் கண்ணாடி தெரியும்வரை மணலை வாரி வெளியே குவித்திருக்கிறது, கல் இம்மி நகரவில்லை.