காயின் செல் ஏன் ரெண்டே நாளில் தீர்கிறது?

ஒரு சின்ன வயர்லெஸ் சென்சாரைக் காயின் செல்லில் (பட்டன் பேட்டரியில்) இரண்டு வருஷம் ஓட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிஆர்2032 காயின் செல்லில் சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். இரண்டு வருஷத்துக்கு 17,520 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் சராசரியாக 12.5 மைக்ரோ ஆம்பியர்தான் செலவழிக்கலாம். செல்லைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்ச முடியாது என்பதால் 8 மைக்ரோ ஆம்பியருக்குள் அடக்குவது நல்லது.

சிப்பைத் தேர்ந்தெடுப்பதிலேயே பலரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என்ஆர்எஃப்52832 என்ற புளூடூத் சிப், நேரம் எண்ணும் ஆர்டிசி மட்டும் ஓடிக்கொண்டே தூங்கும்போது இழுப்பது ஏறக்குறைய 2 மைக்ரோ ஆம்பியர். மிச்சமெல்லாம் அதைச் சுற்றி இருப்பவற்றில்தான் போகிறது.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கும் மாட்யூல்களில் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்டேஜைக் குறைத்து நிலையாக வைக்கும் சிப்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சும்மா இருக்கும்போதே அது சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்னும்; 44 மணி நேரத்தில் செல் காலி. வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் அளக்கும் பிஎம்இ280 போன்ற சென்சாருக்கு 1.71 முதல் 3.6 வோல்ட் வரை போதும், ரெகுலேட்டரே வேண்டாம். அதைக் கழற்றி, இன்புட், அவுட்புட் பேடுகளை ஒரு கம்பியால் இணைத்துவிடுங்கள். பவர் எல்இடியையும் எடுத்துவிடுங்கள்.

பேட்டரி வோல்டேஜ் பார்க்க இரண்டு 100கே ரெசிஸ்டரைப் போட்டால் 15 மைக்ரோ ஆம்பியர் எந்நேரமும் ஓடும். மொத்த பட்ஜெட்டே அதில் போச்சு! என்ஆர்எஃப்52832-இல் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏடிசி தன் சப்ளையைத் தானே அளக்கும். அந்த ரெசிஸ்டர்கள் தேவையே இல்லை.

கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றுவது ஐ2சி, அதாவது சிப்பும் சென்சாரும் எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு லைன்களில் பேசிக்கொள்ளும் இணைப்பு. சென்சாருக்குச் சிப்பின் ஒரு ஜிபிஐஓ பின்னிலிருந்து (புரோகிராமால் ஆன், ஆஃப் செய்யும் கால்) பவர் கொடுத்து, வேலை முடிந்ததும் அணைக்கிறீர்கள். ஆனால் அந்த லைன்களை மேலே இழுத்து வைக்கும் 4.7கே ரெசிஸ்டர்கள் (புல்-அப்கள்) பேட்டரியிலேயே மாட்டியிருந்தால், சென்சாரின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக கரன்ட் நுழைந்து அதை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கும். லைன் கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டால் ஒவ்வொன்றிலும் 640 மைக்ரோ ஆம்பியர். புல்-அப்களின் மேல்முனையையும் அதே ஜிபிஐஓ பின்னுக்கு மாற்றுங்கள், தூங்கும் முன் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் லோவில் வையுங்கள்.

ரேடியோ பேசும் நேரம் வேறு கதை. 5 மில்லி ஆம்பியர் 3 மில்லி செகண்ட் என்றால் 15 மைக்ரோ கூலோம். செல்லுக்குப் பக்கத்தில் 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் இருந்தால், செல் உதவாவிட்டாலும் 0.15 வோல்ட்தான் இறங்கும். செராமிக் கெபாசிட்டரின் அளவு டிசி வோல்டேஜில் குறையும் என்பதால் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள்.

அளக்கும்போது மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சை நம்பி ரேடியோவை ஓட்டாதீர்கள். மீட்டருக்குள் இருக்கும் ஷன்ட்டிலேயே (கரன்ட்டை அளக்க வைத்த ரெசிஸ்டர்) அரை வோல்ட் விழுந்து சிப் ரீசெட் ஆகும், போர்டில் கோளாறு என்று தேடி அலைவீர்கள். 10 ஓம் ஷன்ட்டும் ஆஸிலோஸ்கோப்பும் போதும். தூக்கக் கரன்ட்டுக்கு மட்டும், ரேடியோ அணைந்தபின் மீட்டர்.

மழைக்காலத்தில் கணக்கு மாறினால் சாலிடர் ஃப்ளக்ஸை (பற்றவைத்தபின் போர்டில் மிஞ்சும் பசை) சந்தேகப்படுங்கள். ஈரம் பட்ட அழுக்கு இரண்டு தடங்களுக்கு நடுவே 1 மெகா ஓம் ஆனாலே 3 மைக்ரோ ஆம்பியர். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் மறுபடி அளங்கள்.