ஜே-1இல் ஒரு வருஷம்: கனடா டாக்டரின் ஃபெலோஷிப் அனுபவம்

கனடாவில் ரெசிடென்சி (சிறப்பு மருத்துவப் பயிற்சி) முடித்துவிட்டு, அதற்கு மேலான ஃபெலோஷிப் பயிற்சிக்கு அமெரிக்கா போக நினைக்கும் ஜூனியர்கள் எந்த விசா நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: பயிற்சி முடிந்ததும் எங்கே வேலை பார்ப்பதாக உத்தேசம்? இதற்கு விடை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் டொரண்டோவில் காஸ்ட்ரோ (இரைப்பை, குடல் மருத்துவம்) முடித்துவிட்டு, கல்லீரல் மாற்று மருத்துவத்தில் ஓராண்டு ஃபெலோஷிப்புக்குப் போனேன். அது ஏசிஜிஎம்இ என்ற அமெரிக்க மருத்துவப் பயிற்சி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி. கனடாவில் சிறப்பு மருத்துவப் பயிற்சிகளைக் கவனிக்கும் நம் ராயல் காலேஜ் அங்கீகரித்த ரெசிடென்சியை அவர்கள் ஏற்பதால் தகுதியில் சிக்கல் வரவில்லை. என்னோடு படித்த நண்பன் தேர்ந்தெடுத்தது அட்வான்ஸ்டு எண்டோஸ்கோப்பி. அதற்கு அந்த அங்கீகாரம் கிடையாது. அப்படிப்பட்ட பயிற்சிகளுக்கு ஜே-1 என்ற பயிற்சி விசா வாங்கக் கூடுதல் ஒப்புதல்கள் வேண்டும். நேர்காணலிலேயே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

கனடாக்காரர்களுக்குக் கிடைக்கும் டிஎன் வேலை அனுமதியில் போய்விடலாமே என்று எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். எல்லையிலேயே கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் டாக்டர்களுக்கு அது கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும்தான். நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கும் ஃபெலோஷிப்புக்கு ஆகாது.

அடுத்தது எச்-1பி என்ற வேலை விசா. இதற்கு யுஎஸ்எம்எல்இ என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் மூன்று கட்டமும் தேறியிருக்க வேண்டும். பல மாநிலங்கள் மருத்துவ உரிமத்துக்கு கனடாவின் மருத்துவத் தேர்வுத் தகுதியான நம் எல்எம்சிசியை ஏற்றுக்கொள்ளும், எச்-1பி சட்டம் மட்டும் ஏற்காது. ரெசிடென்சி நடுவில் யுஎஸ்எம்எல்இயின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 எழுத யாருக்கு நேரம்? போதாக்குறைக்கு, 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார்கள். ஒரு வருஷப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனை அதைக் கட்டும்?

ஆக, எனக்கு ஜே-1தான். ஸ்பான்சர், வெளிநாட்டில் படித்த டாக்டர்களின் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பான ஈசிஎஃப்எம்ஜி. நான் எம்.டி. படித்தபோது கனடா கல்லூரிகளுக்கு, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் எல்சிஎம்இயின் அங்கீகாரம் இருந்ததால் என்னிடம் யுஎஸ்எம்எல்இ கேட்கவில்லை. அந்த அங்கீகாரம் 2025 ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பட்டம் வாங்குகிறவர்கள் என் கதையை நம்பாமல் ஈசிஎஃப்எம்ஜியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான இழுபறி, கனடா அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா தரும் கடிதத்தில்தான். இந்தத் துறைக்குக் கனடாவில் ஆள் தேவை, இவர் திரும்பி வருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அரசாங்கம் சொல்லும் கடிதம் அது. ஸ்டேட்மென்ட் ஆஃப் நீட் என்பார்கள். என் ஒப்பந்தத்தில் மருத்துவமனைக்காரர்கள் வெறுமனே 'காஸ்ட்ரோ ஃபெலோ' என்று போட்டிருந்தார்கள், கடிதத்திலோ கல்லீரல் மாற்று மருத்துவம். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வரியைத் திருத்தி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மெயிலுக்குப் பதில் இல்லை, போன் போட்டால் பொறுப்பானவர் லீவு. கடைசியில் புரோகிராம் டைரக்டரே தலையிட்டபிறகுதான் நடந்தது. வேலை ஜூலை 1 தொடங்குகிறது என்றால் ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே வரி வரியாகப் படித்துவிடுங்கள்.

அதன்பிறகு எல்லாம் சுலபம். கனடா குடிமக்களுக்கு விசா முத்திரை தேவையில்லை. ஸ்பான்சர் தரும் டிஎஸ்-2019 படிவம், 220 டாலர் செவிஸ் (அமெரிக்க அரசின் மாணவர், பயிற்சியாளர் பதிவு) கட்டணம் கட்டிய ரசீது, ஒப்பந்தம் மூன்றையும் டொரண்டோ பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரியிடம் காட்டினேன். வேலை தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்பிருந்து உள்ளே விடுவார்கள். என் கணவர் கனடாவில் பிஆர் (நிரந்தரவாசி), ஆனால் இந்தியப் பாஸ்போர்ட். அவர் மட்டும் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய், ஜே-1இல் போகிறவரின் குடும்பத்தினருக்கான ஜே-2 முத்திரை வாங்கினார்.

எல்லோரையும் மிரட்டும் அந்த இரண்டு வருஷ விதியைப் பற்றி: ஜே-1 முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு வருஷம் இருந்தால்தான் அடுத்து எச்-1பியோ கிரீன் கார்டோ வாங்க முடியும். அங்கேயே தங்க நினைப்பவர்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. மருத்துவ வசதி குறைந்த பகுதியில் மூன்று வருஷம் வேலை பார்ப்பதாக ஒப்புக்கொண்டு கான்ராட் 30 திட்டத்தில் விலக்கு வாங்கலாம், ஆனால் ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 இடம்தான். டொரண்டோவுக்கே திரும்பிய எனக்கு அந்த விதி தன்பாட்டில் கழிந்துவிட்டது.

ஜே-2இல் வருகிறவர் தனியாக விண்ணப்பித்து வேலை அனுமதி வாங்கலாம். என் கணவரும் விண்ணப்பித்தார். அந்த அட்டை கைக்கு வந்தபோது நாங்கள் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது.