பாஸ் பிடிக்கப் போன கதை

எங்கட பாத்ரூம் ஒழுகத் தொடங்கி மூண்டு கிழமை. கீழ்வீட்டு அன்ரி லிஃப்டுக்க கண்டா முதல் "தம்பி, எங்கட சீலிங்கை ஒருக்கா வந்து பாருங்கோவன்" எண்டு சொல்லுறவ, இப்ப களைச்சுப்போய் வெறும் பார்வையோட நிப்பாட்டிட்டா. மொரட்டுவையில இருந்து டைல் வேலைக்கு ஒரு பாஸ் (மேசனை இங்க அப்பிடித்தான் கூப்பிடுறது) வந்தவர், "நாளைக்குக் காலம எட்டு மணிக்கு நிப்பன் மாத்தயா" எண்டு 10,000 ரூபா அட்வான்சையும் வாங்கிக்கொண்டு போனவர்தான், அண்டையில இருந்து போன் ஓஃப்.

இந்த ரென்சனுக்கு நான் என்ன செய்தன் எண்டா, இரவிரவா மீன்பிடி வீடியோ பாத்தன். அமெரிக்காக்காரன் ஒருத்தன் குடையை உரிச்சுப்போட்டு கம்பியை மட்டும் வச்ச மாதிரி ஒரு சாமானை ஏரிக்க எறிஞ்சு, ஒரே இழுவையில ரெண்டு பாஸ் மீனைத் தூக்குறான். அம்பிரல்லா ரிக்காம், அலபாமா ரிக் எண்டும் சொல்லுவினமாம். அஞ்சு கம்பி, அஞ்சு நுனியிலயும் ஒவ்வொரு றப்பர் மீன். தண்ணிக்க இழுக்கேக்க ஒரு சின்ன மீன் கூட்டம் ஓடுற மாதிரி இருக்கும், குளிர் காலத்தில சோம்பிக் கிடக்கிற பெரிய மீனுக்கும் ஒரு கடிக்கு அஞ்சு சாப்பாடு எண்டா ஆசை வரத்தானே செய்யும். 2011 ஒக்டோபரில போல் எலியாஸ் எண்டவர் கண்டர்ஸ்வில் ஏரியில இதை வச்சு நாலு நாளில 102 இறாத்தலுக்கு மேல பிடிச்சுப் போட்டியை வெண்டிட்டார், அடுத்த வருசமே அங்கத்தைப் பெரிய போட்டியொண்டில இதைத் தடை செய்துபோட்டினம். தடை செய்யிற அளவுக்கு வேலை செய்யுற சாமானை வாங்காமல் விடலாமோ, நீங்களே சொல்லுங்கோ.

ஒன்லைனில மலிவாப் பாத்து மூண்டு ஓடர் பண்ணினன், மொத்தம் 1,850 ரூபா. பார்சல் வந்த அண்டு மனுசி கேட்டா, "என்னப்பா உது?"

"பாஸ் பிடிக்கிறதுக்கு."

"உவ்வளவு பெரிய கம்பி வேணுமோ? வீட்டு விலாசத்துக்குப் போய் நிண்டாக் காணாதோ?"

அவ பகிடிக்குத்தான் கேட்டவ எண்டு இப்பவும் எனக்கு வடிவா நம்பிக்கையில்லை. இந்த நாட்டில பாஸ் எண்டா மேசன் பாஸும் தச்சுப் பாஸும்தானே, ஒல்லாந்தன் விட்டிட்டுப் போன சொல்லு. அமெரிக்கப் பெருவாய் பாஸ் உண்மையில பாஸே இல்லையாம், சன்ஃபிஷ் குடும்பமாம், பேர் மட்டும்தான் பாஸ். எங்கட பாஸ்மாரிலயும் கனபேர் அப்பிடித்தான்.

பார்சலைப் பிரிச்சாப் பிறகுதான் விசயமே விளங்கினது. 1,850 ரூபாக்கு வந்தது கம்பி மட்டும். றப்பர் மீன், ஈயத்தலை வச்ச கொழுக்கி, எல்லாம் நாங்கள்தான் வாங்கிப் பூட்டவேணும், அதுவும் அஞ்சஞ்சா. புறக்கோட்டையில ஒரு கடைக்குப் போனன். கடைக்கார நானா றப்பர் மீனை எண்ணிக்கொண்டே "என்ன மீனுக்குத் தம்பி?" எண்டார். பாஸுக்கு எண்டன். எண்ணுறதை நிப்பாட்டிட்டார். "அந்த மீன் எங்கட குளங்கள்ள இல்லையே தம்பி. மொரட்டுவ பக்கம் போல்கொடை ஏரில கொடுவா இரிக்கி, அதுக்கு எறிஞ்சு பாருங்க" எண்டுபோட்டு, இல்லாத மீனுக்கு நான் வாங்கின சாமானுக்கு 6,200 ரூபா பில்லும் போட்டார். மலிவு ரிக் எண்டு வாங்கினது, கம்பியைவிட மீனுக்குத்தான் மூண்டு மடங்கு காசு.

ஞாயிற்றுக்கிழமை விடிய வெள்ளவத்தையில 100 பஸ் ஏறினன். ஒரு ரிக்கைப் பூட்டி சொப்பின் பையில வச்சிருந்தன், அது பிழை, பெரிய பிழை. மொரட்டுவையில இறங்க எழும்பினா ஒரு கொழுக்கி பையைத் துளைச்சு என்ர காற்சட்டையில, இன்னொண்டு சீட் றெக்சீனில. நானும் பையும் எழும்பினம், சீட் எழும்பேல்லை. கொண்டக்டர் தன்ர வாழ்க்கையில காணாத சாமானைப் பாத்த மாதிரி பாத்து, ஒண்டும் பேசாமல் மிச்சக் காசைக் கையில தந்தார்.

போல்கொடைக் கரை அந்த நேரம் நல்ல வடிவு. ஆனா என்ர தூண்டில் ரொட்டில 21 கிராம் வரைக்கும் எறியலாம் எண்டு எழுதியிருக்கு, ரிக்கை முதல்நாள் குசினித் தராசில வச்சுப் பாத்தன், 74 கிராம். இதுக்கு ஏழரை அடி மொத்த ரொட்டும் தடிச்ச பிரெயிட் நூலும் வேணுமெண்டு வீடியோவில சொன்னவங்கள்தான், நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டிட்டன். முதல் எறி, மரக்கறிக் கூடையைத் தூக்கி எறிஞ்ச சத்தம். பக்கத்து மரத்துக் கொக்கு எழும்பிப் பறந்திட்டுது. ரெண்டாவது எறி நேர ஜப்பான் ஜபரக்க, அதுதான் தண்ணியில பாய் விரிச்ச மாதிரி மிதக்கிற செடி. யுத்த காலத்தில ஜப்பான் பிளேனை ஏமாத்தக் கொண்டுவந்த செடி எண்டு சின்னனில கதை கேட்டிருப்பியள், ஆனா அதை அழிக்கிறதுக்கு 1909இலயே இங்க சட்டம் போட்டாச்சு. சட்டத்தால ஏலாததில ஒரு மூண்டு கிலோவை நான் கரைக்கு இழுத்துப் போட்டன். மூண்டாவது எறியில ஒரு கம்பியின்ர நுனிக் கிளிப் திறந்து றப்பர் மீன் ஒண்டு தானாப் போட்டுது. கம்பிகளும் ஒருக்கா வளைஞ்சா வளைஞ்சதுதான், ரிக் இப்ப குடை மாதிரி இல்லை, காத்தடிச்சுப் பிரண்ட குடை மாதிரி. மலிவு ரிக் வாங்கிறாக்கள் அந்தக் கிளிப்புகளையாவது முதல் மாத்துங்கோ.

நாலாவது எறி. இழுத்தன், பாரம். திருப்பி இழுத்தன், அங்கால இருந்தும் இழுக்குது! நெஞ்சு படபடக்குது, கொடுவாதான், எட்டுக் கிலோ வரும் எண்டு நினைச்சு ரீலைச் சுத்தச் சுத்த, கண்டல் பத்தைக்கு அந்தப் பக்கத்தில ஒரு ஆள் சிங்களத்தில அம்மா அப்பா முழுக்க இழுத்துப் பேசுற சத்தம். என்ர அஞ்சு கம்பியும் ஆற்றையோ கைத்தூண்டில் நூலில சுத்திக் கிடக்கு. நூலின்ர மற்ற நுனியைப் பிடிச்சுக்கொண்டு, சாரத்தை மடிச்சுக் கட்டினபடி, பத்தையை விலத்திக்கொண்டு ஆள் வெளிய வந்தார்.

எங்கட பாஸ்.

பேச்சு நிண்டுது. "ஆ... மாத்தயா" எண்டார். பக்கத்து வாளியில ஏழெட்டுத் திலாப்பியா துடிக்குது, எல்லாம் பாண் துண்டில பிடிச்சது. குந்தியிருந்து அந்தச் சிக்கலை ஒரு காமணித்தியாலமா விரலால எடுத்தார், நல்ல வேலைக்காரன், அதில ஒரு குறையும் சொல்லேலாது. நான் மட்டும் நூலின்ர என்ர பக்கத்தை விடவேயில்லை.

மனுசி போன் எடுத்தா. "என்னப்பா, பிடிபட்டதோ?"

"ஓம். பாஸ்."

"உண்மையாவோ! எத்தினை?"

"ஒண்டுதான். 65 கிலோ வரும். நாளைக்கு எட்டு மணிக்கு வாறாராம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"திருப்பியும் அட்வான்ஸ் கிட்வான்ஸ் எண்டு குடுத்துப்போடாதேங்கோ."