கச்சான் சரையும் அரிஸ்டோட்டிலும்

பள்ளிக்கூடச் சங்கத்தின் சிறப்பு மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். பள்ளிக்கூட நினைவு என்றதும் மற்றவர்களுக்குக் கிரிக்கெட்டும் மாங்காய்க் களவும் வரும். எனக்கு ஏனோ பத்தாம் ஆண்டு இங்கிலிஷ் பாடம்தான் வருகிறது, இத்தனைக்கும் அந்தப் பாடம் எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

அது 2003. யுத்தத்தில் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து ஒரு வருஷம். கொழும்பு பஸ்ஸையே காணாமல் கிடந்த ரோட்டில் யாழ்ப்பாணம் போகிற பஸ்கள் வரிசையாக ஓட, முறிகண்டிப் பிள்ளையாரடி திரும்பவும் சந்தை மாதிரி ஆகிவிட்டது. தேங்காய் உடைக்க இறங்குகிற சனம் கச்சான், அதாவது வேர்க்கடலை, வாங்காமல் ஏறாது. எங்கள் வகுப்பிலேயே இரண்டு பேரின் அம்மாமார் அங்கே கச்சானைக் கடதாசிச் சரையில் சுற்றி விற்றார்கள்.

ரீச்சர் ஒருநாள் ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்று கரும்பலகையில் எழுதினார். கேட்பவரை இணங்க வைக்க அரிஸ்டோட்டில் சொன்ன மூன்று வழிகளாம்: பேசுகிறவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்கிறவரின் உணர்ச்சி, சொல்லும் நியாயம். நாங்கள் பேயறைந்த மாதிரி இருந்தோம். அவர் சோக்கை வைத்துவிட்டு, "சரி, கொப்பியை மூடுங்கோ. பஸ் வந்து நிண்டவுடன உங்கட அம்மா என்ன சொல்லுவா?" என்று பின்வாங்கில் இருந்தவளைக் கேட்டார்.

அவள் வெட்கப்பட்டு வெட்கப்பட்டுச் சொன்னாள். "கோயிலுக்கு முன்னால இருந்து பொய் சொல்லுவனோ ஐயா?" அது ஈத்தோஸ், அதோடு பதில் எதிர்பார்க்காத கேள்வியும் கூட. "காலமையில இருந்து ஒரு சரையும் போகேல்லை." பேத்தோஸ். "அங்கால பாருங்கோ, அதே காசுக்குச் சின்னச் சரை." லோகோஸ். இதெல்லாம் தொடங்க முன்னமே உருசி பார்க்கச் சொல்லி நாலு கச்சானைக் கையில் வைத்துவிடுவாவாம். அது மூன்றில் எதற்குள் வரும் என்று மணி அடிக்கும்வரை சண்டை பிடித்தோம். உருசி பார்த்தவன் வெறுங்கையோடு போகக் கூச்சப்படுவான், அதனால் அது பேத்தோஸ்தான் என்பது என் கட்சி, இப்போதும்.

அதற்குப் பிறகு அணிகள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் சீசரின் பிணத்துக்கு முன்னால் நின்று அந்தோனி, புரூட்டஸ் கண்ணியமானவர், புரூட்டஸ் கண்ணியமானவர் என்று சொல்லச் சொல்ல அந்தச் சொல்லே வசவாக மாறுகிற இடம் வந்தது. ஒருவன் எழும்பி, "இது வஞ்சப்புகழ்ச்சி எல்லோ ரீச்சர்?" என்றான். கயவரும் தேவரைப் போல நினைத்ததைச் செய்வார்கள் என்ற குறளைத் தமிழ் சேர் முந்தின கிழமைதான் படிப்பித்திருந்தார். ரீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தத் துணிச்சலில் நான், சிலப்பதிகாரத்தில் மதுரைக் கொடிகள் கோவலனை வராதே என்று கைகாட்டினது பேர்சொனிஃபிகேஷன், உயிரில்லாததை ஆளாக்கிச் சொல்வது, என்றேன். அவர் லேசில் விடவில்லை. கொடிக்குக் கை வந்தது வரைக்கும் சரியாம், ஆனால் காற்றில் தானாக அசைகிற கொடிக்குப் புலவர் தன் மனதில் இருந்த காரணத்தையும் ஏற்றிவிடுகிறார், அதற்கு இங்கிலிஷில் ஒரு சொல் போதாதாம். இங்கிலிஷ் ரீச்சர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் பிறகு கேட்டதே இல்லை.

பரீட்சைக்கு முன் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் ஏற்றாமல் பறக்கிற ஒரு பஸ் டிரைவருக்கு, நிறுத்தச் சொல்லி. நான் வெயில், புழுதி, அழுகிற கால்கள் எல்லாம் போட்டு இரண்டு பக்கம் இங்கிலிஷில் உருகினேன். ரீச்சர் சிவப்புப் பேனையால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: டிரைவருக்கு இங்கிலிஷ் தெரியுமா?

அப்புறம் எல்லாரும் சேர்ந்து தமிழில் நாலு வரி எழுதினோம். நாங்கள் ஒன்பது பேர், ஒவ்வொருநாளும் வருவோம், அரை ரிக்கற் என்றாலும் ஒன்பது அரை ரிக்கற், சில்லறை கையில் வைத்திருப்போம். கொண்டக்டரிடம் கொடுத்தோம். இரண்டு கிழமை பஸ் ஒழுங்காக நின்றது. பிறகு டிரைவர் மாறிவிட்டார், புது ஆளுக்கு எழுத எங்களுக்குப் பஞ்சி.